இரண்டாம் நாள் இரவுக்கு வாருங்கள்

ஆடி மாதம் நெருங்குவதை நாங்கள் நாள்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஜூன் கடைசியில் வானொலி நிலையத்துக்கு வரத் தொடங்கும் அறிவிப்புகளே சொல்லிவிடும். பாதி, புலனத்தில் வரும் சுவரொட்டிகள். மீதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தபாலில் வரும் அழைப்பிதழ்கள். "விண்ணதிரும் உறுமி மேளம்", "கண்கவர் ஆடல் பாடல்", "சிறப்பு நாதஸ்வரக் கச்சேரி" என்று எல்லாமே கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஆலயத் தலைவரின் கைப்பேசி எண். அதற்கும் கீழே பேனாவால், "காலை நேரத்திலேயே வாசித்து விடுங்கள்" என்று ஒரு வேண்டுகோள்.

பதினோர் ஆண்டுகளாக இவற்றை வாசித்து வருகிறேன். என் ஊர்ப் பக்கத்து அறிவிப்பு என்றால் குரலில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறதாம். உடன் பணியாற்றுபவர்கள் கேலி செய்வார்கள். என் ஊர்ப் பக்கம் என்பது தென் கெடா. கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி, பீடோங் என்று நீளும் வட்டாரம். பெரிய சாலையை விட்டு இரண்டு திருப்பம் திரும்பினால் போதும், செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும் வந்துவிடும். அந்த மரங்களுக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் கோயிலோ இருக்கும். எதிரே ஒரு திடல். ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்ததும், அடுத்த ஒரு மாதத்துக்கு அந்தத் திடல்களில் மேளமும் ஆட்டமும் நடக்கப்போகின்றன. நுழைவுச் சீட்டு கிடையாது. முன்பதிவு கிடையாது. சாப்பாடும் உண்டு.

வாசித்து வாசித்து ஒன்றைக் கவனித்தேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் வந்த அழைப்பிதழ்களில் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் உபயகாரர் பெயரும் இரவு நிகழ்ச்சியும் தனித்தனியாக இருக்கும். முழுவதையும் வாசித்தால் நேரம் போதாது, சுருக்கித்தான் வாசிப்போம். இப்போது சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. பல அறிவிப்புகளில் கடைசி நாள் மட்டுமே இருக்கிறது. தீமிதி, இரத ஊர்வலம், உறுமி மேளம், அன்னதானம், முடிந்தது. விழா ஒரு வாரம் என்று மேலே போட்டிருப்பார்கள். மற்ற ஆறு நாள் என்ன நடக்கும் என்று கேட்டால், "பூஜை மட்டும்தாம்மா" என்பார்கள்.

விட்டுப்போன அந்த ஆறு நாளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் திருவிழா எப்படி நடந்தது என்பது ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தாரின் உபயம். மரம் சீவுகிறவர்களுக்கு ஒரு நாள், ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள், கிராணிமார்களுக்கு ஒரு நாள். எல்லாரும் லயத்திலேயே குடியிருந்தார்கள். விடிகாலை பெரட்டுக்குப் போக வேண்டும் என்றாலும், இரவு பத்து மணிவரை திடலில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த நாளானாலும் கூட்டம் இருக்கும். வேறு எங்கே போவார்கள்?

அந்தக் கூட்டம் ஒரே நாளில் கலையவில்லை. நாடு விடுதலை பெற்ற பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, துண்டுபோட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து வாங்க வேண்டும் என்றுதான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பிறகு தாமான்கள் வந்தன, தொழிற்பேட்டைகள் வந்தன. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது 1996-இல். என் வயதுக்காரர்கள் பலர் அதைச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறார்கள், காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று. லயம் போய்விட்டது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகவே, கூட்டம் இப்போது வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. பினாங்கிலிருந்து, ஈப்போவிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. வருகிறவர்கள் சனி, ஞாயிறில்தான் வர முடியும். அதனால் கடைசி நாள் ஞாயிறாக அமைகிறது. அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கலை எங்கே அழிஞ்சது, கூட்டத்தைப் பாருங்க" என்று சொல்லித் திரும்புகிறோம்.

சரி, இதில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். என் குடும்பத்துக் கதையை வைத்தே சொல்கிறேன்.

என் தாத்தா பகலில் மரம் சீவினார், திருவிழா வந்தால் தப்பு அடித்தார். நாதஸ்வரக்காரருக்குக் கோயில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருக்கும். தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். சாவு வீட்டுக்கும் அதே தப்பு போகும் என்பதால் அவர்களுக்கு அந்த இடம். தோட்டத்தில் எல்லாரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தாலும், மேளத்துக்கு என்று வரும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது தமிழ்நாட்டிலிருந்து கப்பலிலேயே கூட வந்திருந்தது. என் அப்பா தப்பைத் தொடவே இல்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும், அந்தக் குச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். அவர் சொன்னதில் இருந்த வலி எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆனால், என் சித்தப்பா மகன் உறுமி வாசிக்கிறான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில், திருவிழாவின் இரண்டாம் நாள் இரவில் கற்றுக்கொண்டான். ஏன் இரண்டாம் நாள்? முதல் நாள் காப்புக் கட்டு, பெரியவர்கள் எல்லாம் இருப்பார்கள், தப்பாக அடித்தால் திட்டு விழும். கடைசி நாள்களில் பெரிய குழு வந்துவிடும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் கேட்பாரில்லாத நாள்கள். அப்போது மூத்தவர்களில் ஒருவர் தேநீர் குடிக்கப் போகிற சாக்கில் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போவார். "அடிடா பார்க்கலாம்." முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். தாளம் நழுவும். யாரோ ஒரு பாட்டி தன் தொடையில் தட்டிக் காட்டுவார். மறுபடி பிடித்துக்கொள்வான். அப்படி நான்கு, ஐந்து ஆண்டுகள்.

ஆட்டத்துக்கும் இதே கதைதான். பட்டணத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை முதன்முதலாகச் சலங்கை கட்டி அலாரிப்பு ஆடுவதற்கு எந்த மேடை வேண்டும்? ஆயிரம் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும் மேடையா? நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் திடல்தான் வேண்டும். அந்த நாற்பது பேரில் அவள் அம்மாவும் அத்தையும் பள்ளி ஆசிரியரும் இருப்பார்கள். கால் தடுமாறினாலும் யாரும் படம் எடுத்துப் பரப்ப மாட்டார்கள். கும்மியும் கோலாட்டமும் அப்படித்தான் வளர்ந்தன. பாட்டிகள் வட்டமாகச் சுற்றுவார்கள். எட்டு வயதுப் பேத்தி இடையில் புகுந்து இரண்டு சுற்று தவறாகக் கைதட்டி, மூன்றாம் சுற்றில் சரியாகத் தட்டுவாள்.

சிறிய இரவுகள் போனால், தவறு செய்து பழகும் இடம் போகிறது. கடைசி நாளில் வெளியூர்க் குழு வரும், நன்றாகவே வாசிக்கும், கூலி வாங்கிக்கொண்டு போய்விடும். உள்ளூர்ப் பையன் ஓரமாக நின்று கைப்பேசியில் படம் பிடிப்பான். அவன் கைக்குக் குச்சி வரவே வராது.

"படம் பிடித்தால் என்ன, யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று ஒரு நண்பர் சொன்னார். இங்கே நான் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, ஒலியை வைத்துச் சோறு சாப்பிடுகிறவள் நான். சொல்கிறேன், இந்த மேளங்களின் ஒலியை எங்களால் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரவளையம், ஒரு பக்கத் தோல், இரண்டு குச்சி. மெல்லிய நீளக் குச்சி சிம்புக்குச்சி. தடித்த குட்டைக் குச்சி அடிக்குச்சி. சிம்புக்குச்சி சடசடவென்று பேசும், அடிக்குச்சி நெஞ்சில் இடிக்கும். உறுமியோ இடுப்பு சிறுத்த இரண்டு முக மேளம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அது உறுமும். மறுமுகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். தவில் பலாமரத்தில் குடைந்தது. வலக்கை விரல்களில் கல்போல் இறுகிய கூடுகள், இடக்கையில் ஒரு குச்சி. இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த ஆழமான அதிர்வுதான். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கிக்கு அந்த ஆழம் எட்டாது. சடசடப்பு மட்டும் கேட்கும், இடி கேட்காது. வானொலியில் இன்னொரு சிக்கல். ஒலி சட்டென்று உயர்ந்தால் கருவி அதை அமுக்கும், தாழ்ந்தால் தூக்கிவிடும். காரில் போகிறவருக்கு எல்லாம் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படி. மேளக்காரர்கள் தூரத்திலிருந்து கோயிலை நோக்கி நெருங்கி வருவதுதான் ஊர்வலத்தின் உயிர். எங்கள் கருவிக்கு தூரமும் கிட்டமும் ஒன்றுதான்.

நாதஸ்வரத்துக்கும் இதைச் சொல்லலாம். ஆச்சா மரத்தில் செய்து, சீவாளி பொருத்தி, திறந்தவெளிக்கென்றே உருவான கருவி அது. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கும்போது, செம்பனை வரிசைகளுக்கு அப்பால் இருக்கும் தாமானில் கதவைத் திறந்து வெளியே வருவார்கள். குளிர்சாதன மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்துக் கேட்கும் நாதஸ்வரம் இதற்கு ஈடாகாது. பெரிய கோயில்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் வாசிக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். தோட்டக் கோயில்களுக்கு அந்த வசதி அபூர்வம். ஆடியில் ஒரு நாளைக்காவது ஒரு குழுவை அழைத்தால், அதுவே அந்தத் திடலுக்கு அந்த ஆண்டின் நாதஸ்வரம்.

ஆலயத் தலைவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஆள் வராத ராத்திரிக்கு ஜெனரேட்டருக்கு டீசல் யாரு ஊத்துறது?" என்றார். நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி வாடகை, பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு. காவல் நிலைய அனுமதிக் கடிதத்தில் குறித்த நேரத்தோடு நிறுத்தவும் வேண்டும். பக்கத்துத் தாமானிலிருந்து சத்தம் என்று புகார் வந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். உறுமி மேளம் என்றாலே அடிதடி என்று சிலர் முகம் சுளிப்பதையும் அவர் மறைக்கவில்லை. "சினிமாப் பாட்டு அடின்னு குடிச்சிட்டு வந்து தகராறு பண்றவன் கடைசி நாள்தான் வருவான். அதுக்காக எல்லாப் பசங்களையும் ஒண்ணாப் பேசுறாங்க" என்றார்.

அவரே பிறகு ஒரு காரியம் செய்தார். இரண்டாம் நாள் இரவை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே விட்டார். ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை, குழல் விளக்கு இரண்டு. எனக்குப் புலனத்தில் ஒரு வரி வந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிப் போனேன். செவ்வாய்க்கிழமை. எண்ணிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு பேர். அதில் பத்துப் பேர் இரவு ஷிப்டுக்குப் போகிற வழியில் சீருடையோடு மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றவர்கள்.

தப்பு அடித்தவர்களில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாராம். கோயில் மண்டபத்துக்குள், ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில் நின்று அடித்தார்கள். யாரும் அவர்களை வேப்பமரத்தடிக்குப் போகச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியவர்கள் யாராவது இருந்திருந்தாலும், வாயைத் திறக்கவில்லை. அவர்கள் தப்பு நெகிழித் தோல் போட்டது, காய்ச்ச வேண்டியதில்லை. என் தாத்தாவின் தப்புக்கு இருந்த குரல் அதற்கு இல்லை. இருந்தாலும், ஒரு பிள்ளை அடி தவறி நின்றபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தாத்தாவோடு அடித்த கூட்டாளிகளில் மிஞ்சியிருப்பவர், எழுந்து போய் அவள் கையைப் பிடித்துச் சிம்புக்குச்சியைச் சரியாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசி நாள் கூட்டத்தில் அவருக்கு எழுந்து நடக்கவே வழி இருந்திருக்காது.

இதனால் கலை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. ஐம்பத்திரண்டு பேர், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நடக்குமா என்பதே டீசலைப் பொறுத்தது. ஆனால், டீசல் நம்மைப் பொறுத்தது.

எனவே, ஆடி பிறப்பதற்குள் சில யோசனைகள்.

முதலில், உங்கள் பழைய தோட்டத்துக் கோயில் இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எல்லாக் கோயிலும் ஆடியில் விழா எடுப்பதில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் எடுப்பவை உண்டு, அவற்றை அடுத்த ஆண்டுக்குக் குறித்துவையுங்கள். ஆடியில் என்றால், கடைசி நாள் எப்போது என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். நான்கு பேர் அப்படிக் கேட்டாலே அழைப்பிதழில் அந்த வரிகள் திரும்பி வரும்.

ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமென்றால், திங்களோ செவ்வாயோ போங்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். மேளம் தொடங்குவதற்கு முன் குச்சி பார்ப்பது, கயிறு இறுக்குவது, சீவாளியை நனைப்பது என்று நடக்கும் ஆயத்தங்களும் பார்க்க வேண்டியவைதான். பாய் ஒன்று கொண்டுபோங்கள், கொசுவத்தியும். பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள். உபயம் கொடுக்க நினைப்பவர்கள் கடைசி நாளைக் கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ஆள் இருக்கும். இரண்டாம் நாளுக்கு விளக்கும் தேநீரும் நம் செலவு என்று சொல்லுங்கள். நான்கு குடும்பம் சேர்ந்தால் சுமை தெரியாது. மேளம் அடித்த பிள்ளைக்கு ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோ கையில் கொடுத்து, பெயர் என்னவென்று கேளுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பாட்டுக்காவது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஆடியில் முடியாதவர்களுக்கு நவராத்திரி இருக்கிறது. ஒன்பது இரவையும் ஒன்பது இரவாகவே வைத்திருக்கும் கோயில்கள் கெடாவில் இன்னும் உண்டு. அந்த இடைப்பட்ட இரவுகளில்தான் சின்னப் பிள்ளைகளின் ஆட்டமும் பாட்டும் நடக்கும்.

நான் வழக்கம்போல் அறிவிப்புகளை வாசிப்பேன். இந்த ஆண்டு, அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பதிலுக்கு ஒரு கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்: "ஐயா, இரண்டாம் நாள் இரவு என்ன நிகழ்ச்சி?" பலர் பதில் போடவில்லை. சிலர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார்கள். பாடாங் செராய் பக்கத்திலிருந்து ஒருவர் மட்டும் நேரடியாக அழைத்தார். "பசங்க இருக்காங்கம்மா. மேளமும் இருக்கு. யாராவது வருவாங்கன்னா போட்டுடலாம்" என்றார். வருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.